ஓரச் சிப்பாயை விட்டுவிட்டு

"யாரும்மா ஜெயிக்கிறா?"

"பேசக் கூடாது அண்ணி. சுவத்துல எழுதியிருக்கு பாருங்க."

"நான் எங்க பேசறேன்? கேக்கத்தானே செய்யறேன்."

அவள் பலகையையே பார்த்தாள். கணவரின் அக்கா ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது என்று தம்பியின் ஆட்டத்தைப் பார்க்கத் தானும் கிளம்பிவிட்டார். சதுரங்கத்தில் குதிரையைத் தவிர வேறு எந்தக் காயும் அவருக்கு அடையாளம் தெரியாது. குதிரைகள் எல்லாம் எப்போதோ வெட்டுப்பட்டுப் போனதால் இப்போது பலகையில் அவருக்குத் தெரிந்த முகமே இல்லை.

சாமான் கடைக்கு மேலே உள்ள நீண்ட அறை அது. கீழே பெயிண்டும் கயிறும் விற்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் டர்ப்பன்டைன் வாசனை ஏறி வரும், மூடினால் புழுக்கம். பாதி திறந்து ஒரு அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கிளப்பின் வருடாந்தரக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் அச்சகக்காரர், போன வருஷத்துச் சாம்பியன். இந்தப் பக்கம், முன்வரிசையைப் பார்த்தபடி, அவள் கணவர்.

கணவருக்கு டிப்போவில் பஸ் மெக்கானிக் வேலை. கிளப்பில் அவருக்கு ரன்னர் என்று பெயர். ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டம் வரை வந்து, ஜெயிக்க வேண்டிய நிலையில் எங்கேயோ கோட்டைவிட்டு, இரண்டாவது பரிசான ஃப்ளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அலமாரியில் ஃப்ளாஸ்க் வைக்க இடமில்லை. டிப்போவில் புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட "ரன்னர் சார்" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். போன மாதம் சம்பந்தி வீட்டில் சம்பந்தியம்மா, "உங்க வீட்டு ரன்னர் வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "இந்தத் தடவையும் விட்டேன்னா சட்டைப் பையில அந்தப் பேரையே தைச்சுக்கறேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

டிரா ஆனால் போன வருஷத்துக்காரருக்கே கோப்பை என்பது கிளப்பின் சட்டம். ஆகையால் இன்றைக்கு அவர் ஜெயித்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கட்டத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள். பார்த்துக்கொண்டிருக்க மனசு தாங்காது. கை தட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பாள். இந்த வருஷம் அதற்கு வழியில்லை. கண்ணை மூடினால் போதும், நாத்தனாரின் முழங்கை விலாவில் வந்து இடித்தது.

"தூங்காத. என் தம்பி ஆடறான், இவ தூங்கறா."

"தூங்கல அண்ணி."

"அப்ப யாரு ஜெயிக்கிறான்னு சொல்லு."

"எனக்கு அவ்வளவாத் தெரியாது அண்ணி."

அது பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவளுக்குச் சதுரங்கம் சிறுவயதிலேயே அண்ணன்மாரோடு சண்டை போட்டுப் பழக்கம். கல்யாணமான புதிதில் இதே அறையில், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கணவரை எதிரே உட்காரவைத்து ஜெயித்தாள். "மெக்கானிக் வீட்டுல ராஜா யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று யாரோ சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கிளப்பில் காயைத் தொட்டதில்லை. யாராவது கேட்டால், எனக்கு அவ்வளவா வராதுங்க என்று சொல்லிவிடுவாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மட்டும் ஆடுவார்கள். அங்கே அவள்தான் ஜெயிப்பாள், அது யாருக்கும் தெரியாது.

மேஜையில் யானைகள் இரண்டும் வெட்டிக்கொண்டு வெளியே போயின. பலகை காலியாகிவிட்டது. ஆளுக்கொரு ராஜா. வலது ஓரத்தில் இரண்டு பேருடைய சிப்பாயும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நகர வழியில்லாமல் நின்றன. இடது ஓரத்தில் அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய், ஆரம்பித்த கட்டத்தை விட்டு அசையாமல். அச்சகக்காரர் தன் ராஜாவை விறுவிறுவென்று இறக்கிக்கொண்டு வந்து அந்தச் சிப்பாயின் முன்னால் நிறுத்தினார். அடுத்த நகர்வில் அது வெட்டுப்படும்.

அவள் ஒரு பார்வையில் பார்த்துவிட்டாள். விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தச் சிப்பாயை அங்கேயே போட்டுவிட்டு இவருடைய ராஜா வலது பக்கம் ஓட வேண்டும். எதிராளி இதைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவதற்குள் இவர் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிற சிப்பாயைத் தின்றுவிடலாம். பிறகு தன் சிப்பாயை ராணியாக்கத் தடையில்லை. ஓரச் சிப்பாய் இவ்வளவு பின்னால் நிற்பதுதான் அதிர்ஷ்டம். அதைத் தின்னப் போகிறவன் அவ்வளவு தூரம் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு கட்டம் முன்னே தள்ளியிருந்தால்கூட இந்தக் கணக்கு உதைத்திருக்கும்.

இதே மாதிரி நிலையைப் பற்றி வீட்டில் எத்தனையோ தடவை சண்டை நடந்திருக்கிறது.

"விட்டுட்டுப் போங்க."

"அதெப்படி விடறது? கூடுதலா இருக்கறது அது ஒண்ணுதானே."

"அதனாலதான். அதைத் தின்ன அவன் அங்க போவான். நீங்க இங்க தின்னுங்க."

"கைப்பிள்ளையை நடுரோட்டுல விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"அது பிள்ளை இல்லங்க. தூண்டில் புழு."

"திட்டமெல்லாம் சாப்பாட்டு மேஜையில நல்லாத்தான் இருக்கு. அங்க கடிகாரம் ஓடறப்ப எதை விடணும், எதைப் பிடிக்கணும்னு யாரு வந்து சொல்றது?"

இப்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கிளப்பில் அதைக் கொக்குக் கை என்பார்கள். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பதால் தொடமாட்டார். மேலேயே மிதக்கவிட்டு, இந்தக் கட்டத்துக்குப் போகலாமா, அந்தக் கட்டத்துக்குப் போகலாமா என்று கையாலேயே யோசிப்பார்.

"ஏம்மா" என்று நாத்தனார் மறுபடி ஆரம்பித்தார்.

"ம்."

"அவன் ஏன் உன்னையே பாக்கறான்?"

"யாரு?"

"என் தம்பிதான். வந்ததுலேர்ந்து பாக்கறேன். கையை அந்தாண்ட கொண்டு போறான், உன்னைப் பாக்கறான். இந்தாண்ட கொண்டு வரான், உன்னைப் பாக்கறான். கல்யாணத்தன்னைக்குக்கூட உன்னை இப்படிப் பாக்கல அவன்."

நாத்தனார் தன் வேடிக்கையைத் தானே ரசித்து முந்தானைக்குள் சிரித்தார். அவள் பழைய நகர்வுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

சற்று முன்னால் யானைகள் பலகையில் இருந்தபோது அவர் கை ஓரச் சிப்பாயைத் தள்ளப் போயிற்று. ஐயோ, அதைத் தொடாதீங்க என்று அவள் மனசுக்குள் சொன்னாள். கீழ் உதடு தானாகப் பல்லுக்குள் போனது. அவர் கை நின்றது, திரும்பியது, யானையை எடுத்து வைத்தது. அப்பாடா, அவரே பார்த்துவிட்டார் என்று அவள் மூச்சை விட்டாள். அதற்கு முன்னால் ராணிகளை வெட்டிக்கொள்ளும்போதும் அப்படித்தான். அரையிறுதியில் தபால்காரரோடு ஆடியபோதும் அப்படித்தான். என்ன அழகாகக் கடைசி நிமிஷத்தில் கையைத் திருப்பிக்கொண்டார் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாராட்டிக்கொண்டு போனாளே.

அவர் பலகையைப் பார்த்து ஆடவில்லை. அவள் உதட்டைப் பார்த்து ஆடியிருக்கிறார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தரையில் யாரோ மிதித்த பிஸ்கட் தூள் கிடந்தது. அதையே பார்த்தாள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். முன்வரிசையிலிருந்து எழுந்து போனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மேஜையில் காய் வைக்கும் சத்தம் கேட்டது. நிமிராமலே ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் ராஜாவைச் சிப்பாய்க்குக் காவலாக உள்ளே இழுத்திருந்தார். அச்சகக்காரர் ஒரு கட்டம் விலகினார். இவர் ராஜாவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அவரும் பழைய இடத்துக்கே வந்தார். அதே நிலை, இரண்டாவது முறை.

இன்னொரு முறை வந்தால் டிரா. நடுவர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், மேஜைக்கு ஒரு அடி நெருங்கி வந்து நின்றார்.

கணவர் இருமினார்.

"தொண்டை கட்டியிருக்கு போல" என்றார் நாத்தனார். "தண்ணி குடுக்கலாமா?"

"வேண்டாம் அண்ணி."

மறுபடி இருமினார். அவருக்குச் சளி எதுவும் இல்லை.

"உன்னைத்தான் கூப்பிடறான். ஒரு வாட்டி நிமிந்து பாரேன். பாவம், எப்படி முழிக்கிறான் பாரு, பள்ளிக்கூடத்துல தொலைஞ்சுபோன பையன் மாதிரி."

அவள் பிஸ்கட் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரக் கூடாது. நிமிராவிட்டால் அவர் சிப்பாயைத்தான் காப்பாற்றுவார், அவருக்கு வேறு தெரியாது. மூன்றாவது முறை அதே நிலை வரும். நடுவர் கையைத் தூக்குவார். இன்னொரு ஃப்ளாஸ்க். சம்பந்தியம்மா சிரிப்பார். ராத்திரி அவர் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், தோள் எலும்பு தெரிய.

அவள் நிமிர்ந்தாள்.

அவர் கண்கள் அங்கேயே காத்திருந்தன. கை உள்பக்கம் மிதந்தது. அவள் உதட்டைக் கடித்தாள். இந்த முறை அது தானாகப் போகவில்லை, அவள்தான் கடித்தாள். கை நகர்ந்து ராஜாவின் வலது பக்கத்துக்கு வந்தது. அவள் உதட்டை விட்டாள். மூச்சையும் விட்டாள். அவர் ராஜாவைத் தொட்டார், வலது பக்கம் வைத்தார், சிப்பாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஓட்டப் பந்தயம்தான். அச்சகக்காரர் சிப்பாயைத் தின்றுவிட்டுத் தன் ராஜாவைக் குறுக்காக ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு அடி பிந்திவிட்டது. அவர் கொஞ்ச நேரம் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தார், கடிகாரத்தை நிறுத்தினார், எழுந்து கை கொடுத்தார்.

அறை கை தட்டியது. "ரன்னர் செத்தான், ரன்னர் செத்தான்" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் எழுந்து நின்று, "என் கூடப்பிறந்தவன்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிவித்தார். கணவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடினார். அவள் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது அச்சகக்காரர் பக்கத்தில் வந்தார். மெல்லிய குரல், நகக்கண்ணில் மை.

"நல்லா ஆடுனீங்க அக்கா" என்றார்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ எங்க ஆடுனா?" என்றார் நாத்தனார். "இவ சும்மா உக்காந்திருந்தா. பாதி நேரம் தூங்கிட்டே இருந்தா."

"அப்படியாம்மா" என்று சொல்லிவிட்டு அச்சகக்காரர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் சமாளித்திருக்க முடியும்.

வீட்டில் கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து போனில் சொந்தக்காரர்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். "ஆமா, நம்ம தம்பிதான். தங்கமா இல்லையான்னு கேக்கல, தங்கம் மாதிரிதான் இருக்கு." சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள்.

"என்ன, உனக்கு சந்தோஷமே இல்லையா?" என்றார் அவர்.

"என் மூஞ்சியைப் பார்த்தீங்க."

"பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்காம யாரு மூஞ்சியைப் பாக்கறது?"

"விளையாடாதீங்க. என் மூஞ்சியைப் பார்த்துத்தான ஆடுனீங்க?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். டிப்போவில் கிரீஸ் கழுவுகிற மாதிரி முழங்கை வரைக்கும் கழுவினார். கையில் ஒன்றும் இல்லை.

"ஆமா" என்றார்.

"எத்தனை நாளா?"

"ஞாபகமில்ல. தற்செயலாத்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் யானையை எடுக்கப் போனேன். நீ ஊசி குத்தின மாதிரி முழிச்ச. வேற காயை ஆடுனேன், ஜெயிச்சேன். அதுக்கப்புறம் கண்ணு தானா அங்க போயிடுது."

"அப்ப ஒவ்வொரு வருஷமும் நீங்க ஃபைனலுக்கு வந்தது?"

அவர் குழாயை மூடினார்.

"ஒவ்வொரு ஃபைனல்லயும் தோத்தது?"

"நீ கண்ணை மூடிக்குவியே." அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இந்த வருஷம் அக்கா உன்னை மூட விடல."

கூடத்தில் நாத்தனார், "மூளைம்மா, மூளை. எங்கப்பாவோட மூளை அப்படியே இவனுக்கு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். "கொண்டுபோய்க் குடுத்துடலாங்க."

"குடுத்துட்டு? என்னன்னு சொல்றது? பொண்டாட்டி உதட்டைக் கடிச்சா, அதான் ஜெயிச்சேன்னா? ரன்னர்னு கூப்பிட்டதே தேவலைன்னு ஆயிடும். அதோட நாம ஒண்ணும் பேசிவெச்சுக்கல. நீ ஒண்ணும் தெரிஞ்சு செய்யலையே."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியும். அந்தக் கடைசிப் பார்வையில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள இடமே இருக்கவில்லை. தெரிந்தும், அவளுக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் அவளை மேலும் கூச வைத்தது.

மறுநாள் சாயங்காலம் கோப்பையைப் பழைய துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் அச்சகத்துக்குப் போனார்கள். பாலிஷ் போடக் கொண்டுபோவதாக நாத்தனாரிடம் சொன்னார் அவர். "நேத்துத்தானே வந்துது, அதுக்குள்ள கறுத்துடுச்சா?" என்று கேட்டார் நாத்தனார். பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

அச்சு இயந்திரம் தாளை இழுத்து இழுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. கூரை வரைக்கும் வெற்றுத் தாள் கட்டுகள். அச்சகக்காரர் இவர்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"உக்காருங்க அண்ணே. அக்கா, அந்த ஸ்டூல்ல மை இருக்கும், இதுல உக்காருங்க."

கணவர் உட்காரவில்லை. பையை மேஜைமேல் வைத்தார். கோப்பையின் ஒரு காது வெளியே தெரிந்தது.

"இது எனக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணே?"

"உங்களுக்குத் தெரியும்."

அச்சகக்காரர் ஒரு கந்தையை எடுத்துக் கையைத் துடைத்தார். "யானை இருக்கறப்பவே தெரியும்" என்றார். "போன வருஷமே லேசா சந்தேகம். நேத்து நல்லாத் தெரிஞ்சுது."

"அப்ப நடுவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்றதுக்கா? அந்தம்மாவை மூஞ்சியைத் திருப்பிக்கச் சொல்லுங்கன்னா? வாயில்லாத பூச்சி மாதிரி உக்காந்திருந்தீங்க. கேட்டா நான்தான் கேவலமாயிருப்பேன்." கந்தையை மடித்தார். "அதோட நானும் யோக்கியம் இல்ல. என் ராஜாவை உங்க சிப்பாய் முன்னால கொண்டுவந்து நிறுத்துனேன் இல்ல, அப்ப உங்க முகம் வெளிச்சமாச்சு. ஆஹா, தப்புப் பண்ணிட்டோம்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. ஆனா அதை விட்டா டிராவுக்கு வேற வழியும் இல்ல. உங்க முகத்துல முதல்ல வருது அக்கா, பலகையில அப்புறமாத்தான் வருது."

அவளுக்குத் தன் முகத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"தப்பு என்னுதுங்க" என்றார் கணவர் அவசரமாக. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆட்டமே அவளுக்கு அவ்வளவா வராது. வெறுமனே உக்காந்திருந்தா, நான்தான் பார்த்தேன்."

அச்சகக்காரர் தலையாட்டினார். நம்பியது போலத்தான் ஆட்டினார், மரியாதைக்கு. இத்தோடு விட்டுவிடலாம். இரண்டு ஆண்களும் அவளுக்கு ஒரு வசதியான இடத்தைக் காட்டிவிட்டார்கள். ஒன்றும் தெரியாத மனைவி, வேடிக்கை பார்க்க வந்தவள். அவள் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருந்த அதே இடம்.

"வரும்" என்றாள்.

"என்னக்கா?"

"ஆட்டம் எனக்கு நல்லா வரும். இவரைவிட நல்லா வரும். நேத்து கடைசி வரைக்கும் தெரியாமத்தான் இருந்தேன். கடைசித் தடவை தெரிஞ்சுது. குனிஞ்சுதான் இருந்தேன். அப்புறம் வேணும்னுதான் நிமிந்தேன். வேணும்னுதான் உதட்டைக் கடிச்சேன்." "இவர் தோக்கறதைப் பாக்க முடியல, அதுக்காகத்தான்னு சொன்னா அது சாக்கு. நான் செஞ்சேன்."

கணவர் அவளைப் பார்க்காமல் தாள் கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகக்காரர் மடித்த கந்தையை இயந்திரத்தின் மேல் வைத்தார். பிறகு, "இதை நேத்தே படிக்கட்டுல சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்டை போட்டிருப்பேன். இப்ப போட முடியல" என்றார். பையை இந்தப் பக்கம் தள்ளினார். "எனக்கும் வேண்டாம் இது. ஒண்ணு பண்ணலாம். காது உடைஞ்சுபோச்சு, ஒட்டவெக்கக் குடுத்திருக்குன்னு சொல்லி இங்கயே வெச்சுக்கறேன். வருஷம் ஓடிடும். யாரும் கேக்கமாட்டாங்க."

கணவரின் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அந்த முகத்தைப் படிக்க அவளுக்கும் தெரியும்.

"அந்த ஓரத்து நிலையை இங்கயே வெச்சு மறுபடி ஆடலாமா?" என்றார் கணவர். "இவ வெளியில நிக்கட்டும். நான் தனியா ஆடறேன்."

"இனிமே என்னத்தை அண்ணே ஆடறது? சிப்பாயை விட்டுட்டுப் போகணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சதை எப்படித் திருப்பி வாங்கறது?"

கணவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். போனை எடுத்தார். நடுவரின் எண்ணைத் தேடினார். விரல் தடுமாறி வேறு யாரையோ கூப்பிடப் பார்த்து, நிறுத்தி, மறுபடி தேடினார்.

"சார், வணக்கம். நான் டிப்போ மெக்கானிக் பேசறேன்... ஆமா சார்... நன்றி சார்... இல்ல சார், அதுக்கு இல்ல..."

அந்தப் பக்கம் நடுவர் பாராட்டை நிறுத்துவதாக இல்லை. எழுபது வயசு மனிதர், ஆட்டம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கணவர் "ஆமா சார், ஆமா சார்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

அவள் திரும்பிக்கொண்டாள். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த வெற்றுத் தாள் கட்டுகளின் பக்கம் முகத்தை வைத்து நின்றாள். மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக. மை வாசனையும் காகித வாசனையும் வந்தன. பின்னால் "ஆமா சார்" நின்றது.

"சார், ஒரு நிமிஷம்" என்றது அவர் குரல். "கோப்பை எனக்கு வரக் கூடாது சார். அச்சகக்காரர்கிட்டதான் இருக்கணும். டிரா ஆக வேண்டிய ஆட்டம் அது. ஏன்னா... என் வீட்டுக்காரி..."

நிறுத்திவிட்டார். அவள் கண்ணை மூடவில்லை.

"இல்ல சார்" என்றார். "நாங்க ரெண்டு பேரும்."